வெர்செய்ல்ஸ் ஒப்பந்தத்தாலதான் ஹிட்லர் வந்தான்னு சொல்றது சரியா?

பெரம்பூர்பையன்:
குரூப் 2க்கு படிச்சிட்டிருக்கேன். நேத்து பாரிஸ் கார்னர் பக்கம் போனப்ப ஹைகோர்ட் மதில்ல இருக்கற எம்டன் கல்வெட்டைப் பாத்தேன், 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் கப்பல் நம்ம ஊர் மேல குண்டு போட்டுச்சே அதுக்கு வச்சது, பாத்ததும் பழைய டவுட் திரும்ப வந்துருச்சு. நான் பாத்த நோட்ஸ் எல்லாத்துலயும் ஜெர்மனிக்கு ஓவரா தண்டம் போட்டாங்க, அதான் ஹிட்லர் வந்தான்னு ரெண்டு வரில முடிச்சிடறாங்க. முதல் உலகப்போர் முடிஞ்சு ஜெர்மனியோட போட்ட அந்த ஒப்பந்தம் கையெழுத்தானது 1919 ஜூன் 28. அவன் பதவிக்கு வந்தது 1933. நடுவுல அவ்ளோ வருஷம் என்னதான் நடந்துச்சு?

ரிட்டயர்டு வாத்தியார்:
சரியான இடத்துலதான் கேட்டிருக்க தம்பி. 1921ல தண்டத்தொகை 13,200 கோடி தங்க மார்க்னு (தங்க மதிப்புல கணக்கு போட்ட ஜெர்மன் பணம்) முடிவாச்சு, ஆனா அதுல 8,200 கோடி வசூலாகாதுன்னு போட்டவங்களுக்கே தெரியும், சொந்த ஊர் ஜனங்களுக்கு பெரிய நம்பரா காட்டணுமே. கடைசில கட்டினது சுமாரா 2,000 கோடி. 1923ல தவணை பாக்கின்னு பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியோட தொழிற்சாலைப் பகுதியான ரூருக்குள்ள படையோட பூந்துட்டாங்க, அங்க வேலைக்குப் போகாம எதிர்த்தவங்களுக்கு ஜெர்மன் அரசாங்கம் ரூபா நோட்டு மாதிரி மார்க் நோட்டை அடிச்சுத் தள்ளி சம்பளம் குடுத்துச்சு, மார்க்கோட மதிப்பே போச்சு, நவம்பர்ல ஒரு டாலர் 4.2 லட்சம் கோடி மார்க்! ஹிட்லர் அப்பவே மியூனிக்ல கலகம் பண்ணிப் பாத்தான், ஜெயிலுக்குத்தான் போனான். 1924ல அமெரிக்கக் கடன் வர ஆரம்பிச்சதும் நாடு தேறிடுச்சு. 1928 எலக்‌ஷன்ல ஹிட்லரோட நாஜி கட்சிக்கு 2.6 சதவீதம், நம்மூரா இருந்தா டெபாசிட் காலி. 1929ல நியூயார்க் ஷேர் மார்க்கெட் விழுந்துச்சு, கடனும் போச்சு வேலையும் போச்சு, 1932 ஜூலைல அதே கட்சி 37 சதவீதம். ஒப்பந்தம் ரெண்டு எலக்‌ஷனுக்கும் ஒண்ணுதானே?

கடற்கரைக்காத்து:
சார், காசுக் கணக்கு ஓகே, மானக் கணக்கை விட்டுட்டீங்களே. 1871ல பிரான்சை ஜெயிச்சு ஜெர்மன் பேரரசை அறிவிச்ச அதே கண்ணாடி மண்டபத்துல வச்சு கையெழுத்து வாங்கினாங்க, 231வது பிரிவுல போருக்கு நீதான் பொறுப்புன்னு எழுதி, ராணுவத்துல 1 லட்சம் பேருக்கு மேல கூடாது, விமானப்படை கூடாதுன்னு வேற. வேலை போனவன்கிட்ட யாரைத் திட்டணும்னு சொல்லிக்குடுக்க அது ரெடியா இருந்துச்சுல்ல.

ராயபுரம்75:
இதுல இந்தியா சார்பாவும் கையெழுத்து போட்டாங்க தெரியுமா, இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜா கங்கா சிங்கும். அதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடிதான் ஜாலியன்வாலாபாக். சீனாவுல ஜெர்மனி கையில இருந்த ஷான்டுங் உரிமைகளை ஜப்பானுக்கு குடுத்துட்டாங்கன்னு சீனாக்காரன் கையெழுத்தே போடல, ரோஷக்காரன்.

ரிட்டயர்டு வாத்தியார்:
கடற்கரை சொல்றது நியாயம், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, 1936 மார்ச்ல ஒப்பந்தத்தை மீறி, ஜெர்மன் படையே இருக்கக்கூடாதுன்னு வச்சிருந்த ரைன்லாந்துக்குள்ள ஹிட்லர் படையை அனுப்பினப்ப பிரிட்டனும் பிரான்சும் வேடிக்கைதான் பாத்தாங்க. எரிச்சல் மூட்டத் தெரிஞ்சவங்களுக்கு புடிச்சு நிறுத்தத் தெரியல.

பெரம்பூர்பையன்:
ரொம்ப நன்றி சார், எல்லாருக்கும். அந்த தண்டத்துக்காக வாங்கின கடன் பத்திரத்துக்கு கடைசி வட்டி கட்டினது 2010 அக்டோபர் 3னு எங்கயோ படிச்சேன், நெஜமாவா?

ரிட்டயர்டு வாத்தியார்:
நெஜம்தான். பாக்கி வட்டியில ஒரு பகுதியை ரெண்டு ஜெர்மனியும் சேர்ந்தப்புறம் கட்டினா போதும்னு 1953ல தள்ளி வச்சிருந்தாங்க. 1990ல சேர்ந்தாங்க, மீட்டர் திரும்ப ஓட ஆரம்பிச்சிருச்சு.