கலைச்சொல்: பிரீலோடுக்கும் ஆஃப்டர்லோடுக்கும் முன்சுமை, பின்சுமை சரிப்படுமா?

நாகர்கோவிலிலிருந்து:

வணக்கம். நாம் தமிழில் எழுதும் செவிலியர் கையேட்டின் இதயத் தளர்ச்சிப் (ஹார்ட் ஃபெயிலியர்) பகுதியில், சுருங்குமுன் இதயம் நிரம்பி விரிந்து நிற்கும் சுமையான பிரீலோடை ‘முன்சுமை’ என்றும், சுருங்கும்போது அது எதிர்த்துத் தள்ளவேண்டிய சுமையான ஆஃப்டர்லோடை ‘பின்சுமை’ என்றும் போட்டிருக்கிறோம். இரண்டையும் மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. தமிழில் முன், பின் இரண்டும் காலத்துக்கும் வரும், இடத்துக்கும் வரும். படிக்கிறவர்கள் இடமாகத்தான் எடுப்பார்கள். இடது கீழறை தளர்ந்தால் இரத்தம் தேங்குவது அதற்குப் பின்னால், நுரையீரலில். அதுதான் பின்சுமை என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அது பிரீலோடு பக்கத்துச் சங்கதி. முன்னால் இருக்கும் பெருந்தமனியோ ஆஃப்டர்லோடு பக்கம். இரண்டு சொல்லும் நேர்மாறாகப் போய் உட்காரும். இரத்தக் குழாயை விரிக்கும் மருந்துகளில் நைட்ரேட் எதைக் குறைக்கும், ஹைட்ரலசின் எதைக் குறைக்கும் என்ற பாடமே தலைகீழாகிவிடும்.

நிறைசுமை, எதிர்ச்சுமை என்று வைக்கலாமா?

தக்கலையிலிருந்து:

அண்ணாச்சி, முன்–பின் வந்த வழி தப்பில்லை. தனியாக எடுத்த தசைத்துண்டில் செய்த சோதனைகளிலிருந்து வந்தது அது. சுருங்குவதற்கு முன்பே தசையில் தொங்கி அதை நீட்டி வைக்கும் எடை பிரீலோடு. கூடுதல் எடையை ஒரு தாங்கி பிடித்திருக்கும். தசை சுருங்கத் தொடங்கிய பிறகே அது தசையின்மேல் ஏறும், அது ஆஃப்டர்லோடு. ஆய்வகத்தில் இரண்டும் காலம்தான். வார்டில் அது தெரியாது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ‘நிறை’ வேண்டாம். பள்ளிக்கூட இயற்பியலில் நிறை என்றால் கிலோகிராம். இந்த நோயாளிகளிடம் தினமும் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, கஞ்சி குடிக்குமுன் எடை பார்க்கச் சொல்கிறோம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் தகவல் சொல்லச் சொல்கிறோம். அதே பக்கத்தில் ‘நிறைசுமை கூடிற்று’ என்று எழுதினால் எடை மெஷினைத்தான் பார்ப்பார்கள். ‘நிரம்புசுமை’ என்று வையுங்கள். கீழறை நிரம்பி முடியும் கணத்தில் சுவர் எவ்வளவு விரிந்து நிற்கிறது என்ற பொருள் அதில் கிடைக்கும்.

மணக்குடியிலிருந்து:

நிரம்புசுமைக்கு என் வாக்கு. எதிர்ச்சுமையில்தான் ஐயம். இங்கே பொழி (ஆறு கடலில் சேரும் வாய்) மணலால் அடைத்துக்கொண்டால் பழையாறு கடலில் சேரமுடியாமல் முட்டி நிற்கும். அதைப்போலத்தானே? அப்படியானால் ‘தடைச்சுமை’ என்றோ, நேராக ‘இரத்த அழுத்தம்’ என்றோ சொன்னால் என்ன?

நாகர்கோவிலிலிருந்து:

பொழி பாதி தூரம்தான் வரும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாய்த் தடை என்பது சராசரித் தமனி அழுத்தத்திலிருந்து வலது மேலறை அழுத்தத்தைக் கழித்து, நிமிடத்துக்கு இதயம் தள்ளும் லிட்டரால் வகுத்து, அலகு மாற்ற 80ஆல் பெருக்கினால் வருவது. அழுத்தம் 90, மேலறை 10 மி.மீ. பாதரசம், வெளியேற்றம் 4 லிட்டர் என்றால் தடை 1,600. இயல்பான அளவு 800 முதல் 1,200 வரை. குழாய் விரிப்பி கொடுத்த பிறகு 80, 8, 5.5 என்று ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். தடை ஏறக்குறைய 1,047. தடை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியிருக்கிறது. அழுத்தம் இறங்கியது 10 மட்டும், ஏனென்றால் வெளியேற்றம் ஏறி ஈடுகட்டிவிட்டது. பி.பி. கருவியை மட்டும் பார்ப்பவருக்கு மருந்து வேலை செய்தது தெரியாது. அதனால் ‘இரத்த அழுத்தம்’ கூடாது.

‘தடை’யும் போதாது. சுவர் தாங்கும் இழுவிசை என்பது அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கி, சுவர்த் தடிப்பின் இருமடங்கால் வகுப்பது. தடிப்பு 1 செ.மீ. என்றே வைப்போம். அழுத்தம் 120, ஆரம் 2.5 செ.மீ. உள்ள இதயத்துக்கு 150. ஊதிப்போன இதயம், அழுத்தம் 100தான், ஆரம் 3.5: 175. பி.பி. குறைவாக உள்ளவரின் இதயம்தான் அதிகம் இழுபடுகிறது. இந்தச் சுமை குழாயில் இல்லை, இதயத்தின் சொந்தச் சுவரில் இருக்கிறது. ‘எதிர்’ என்ற சொல் இரண்டுக்கும் இடம் விடும்.

மார்த்தாண்டத்திலிருந்து:

இதயத் தமனி நோய் முற்றினால் இதயம் ஊதக்கூடும், அது நமக்கு அரிதான விஷயமல்ல. நம் மாவட்டத்துக்காரர் பலர் சிகிச்சைக்குப் போகும் திருவனந்தபுரத்தில் 2013இல் தொகுத்த இதயத் தளர்ச்சிப் பதிவேட்டில், 1,205 பேரில் 72 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய்தான் மூலம்.

கையேட்டில் மருந்துவாரியாக இப்படி வரட்டும். நைட்ரோகிளிசரின் குறைந்த அளவில் சிரைகளை விரிக்கும், நிரம்புசுமை இறங்கும். ஹைட்ரலசின் நுண்தமனிகளை விரிக்கும், எதிர்ச்சுமை இறங்கும். நைட்ரோபுரஸைடும் எனலாபிரில் வகையும் இரண்டையும் தொடும். ஃபுரோசமைடு, நம் ஊர் ‘நீர் மாத்திரை’, நிரம்புசுமைக்கு.

எங்கே தப்பும் என்பதையும் எழுத வேண்டும். வலது கீழறை மாரடைப்பில் இதயம் நிரம்புசுமையை நம்பியே ஓடுகிறது. நாக்கடியில் நைட்ரேட் வைத்தால் அழுத்தம் சட்டென்று சரியும். கீழ்ச்சுவர் மாரடைப்பு என்று இசிஜியில் கண்டால், வலது கீழறையும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், வலப்பக்க வி4ஆர் லீடையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பெருந்தமனி வால்வு குறுகியவருக்கு எதிர்ச்சுமை பெரும்பாலும் வால்விலேயே இருக்கிறது, நுண்தமனியை விரித்தால் அது இறங்காது. நீர் மாத்திரை மிஞ்சினால் எழுந்ததும் தலைசுற்றல், சிறுநீரகம் சிரமப்படுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏற்றம்.

இன்னொரு எச்சரிக்கை. சுமை இறங்கினாலே ஆயுள் நீளும் என்று எழுதிவிடாதீர்கள். இதயத் தளர்ச்சிக்குக் குழாய் விரிப்பிகளைக் கொடுத்துப் பார்த்த, 1986இல் வெளிவந்த முதல் வி-ஹெஃப்ட் ஆய்வில் 642 ஆண்கள். நாளுக்கு ஹைட்ரலசின் 300 மி.கி., ஐசோசார்பைடு டைநைட்ரேட் 160 மி.கி. சேர்த்துக் கொடுத்த பிரிவில் இறப்பு குறைந்தது. பிரசோசினும் குழாய் விரிப்பிதான். அந்தப் பிரிவில் இறப்பு போலி மாத்திரைப் பிரிவைப் போலவே இருந்தது.

தக்கலையிலிருந்து:

ஏற்றுக்கொள்கிறேன். ‘எதிர்ச்சுமைக் குறைப்பி’ என்று வினை சேர்த்தாலும் நாக்கு இடறவில்லை.

மிச்சம் ‘வெட்ஜ்’ அழுத்தம். வரைவில் ‘ஆப்பழுத்தம்’ என்று இருக்கிறது. ஆப்பு வைப்பதற்கு ஊரில் உள்ள பொருள் நமக்குத் தெரியும், அதை வார்டுக்குள் விடவேண்டாம். 1970இல் வந்த ஸ்வான்–கான்ஸ் குழாயின் நுனிப் பலூனில் 1.5 மி.லி. காற்று ஊதி, நுரையீரல் தமனிக் கிளை ஒன்றைச் சற்றுநேரம் அடைத்து அளப்பதுதானே அது? ‘அடைப்பழுத்தம்’ எனலாம். இயல்பு 6 முதல் 12 மி.மீ. பாதரசம், 18 தாண்டினால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கும். அடைப்பு என்றதும் மாரடைப்பு என்று குழம்புவார்களோ என்பதை மட்டும் மற்றவர்கள் சொல்லுங்கள்.