சென்னையில் உடைந்த பாலம் போல ஓர் இடத்துக்குப் பறவை பார்க்கப் போனால் வண்டியை எங்கே விடுவது? உங்கள் பகுதிப் பெயரோடு அனுபவம் சொல்லுங்கள்

மந்தைவெளி

போன மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உடைந்த பாலம் இருக்கிற, அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் உள்ளான் என்கிற கரையோரப் பறவைகள் இறங்கியிருக்கின்றன என்று நண்பர் சொல்ல, விடிவதற்கு முன்பே பெசன்ட் நகர் போய்விட்டேன். எலியட்ஸ் பீச் பக்கம் காரை விட்டால் தூரம் நடக்க வேண்டுமே, கையில் ஸ்டாண்டும் பெரிய லென்ஸும் வேறு இருக்கிறதே என்று யோசித்து, நேராக ஊரூர் ஆல்காட் குப்பத்துக்குள்ளேயே ஓட்டினேன். படகுகளுக்குப் பின்னால் கொஞ்சம் காலி இடம் இருந்தது. இருட்டில் வேறொன்றும் கண்ணில் படவில்லை. நிறுத்திவிட்டுக் கரையோரமாக நடந்தேன்.

காலைப்பொழுது அருமை. சேற்றுத்திட்டு நன்றாக வெளியே தெரிந்தது. உப்புக்கொத்திகள் நாலடி ஓடுவதும் நிற்பதுமாக இருந்தன. ஆலாக்கள் தண்ணீரில் தலைகீழாக விழுந்து எழுந்தன.

திரும்பி வந்தால், கார் பக்கத்தில் ஓர் ஆயா குந்தியிருக்கிறார். முன்சக்கரத்துக்கு அடியில் நீல நிற நைலான் வலையின் ஓரக்கயிறு சிக்கியிருந்தது. பக்கத்தில் ஒரு மிதவை இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"வலை காயுற எடத்துல வண்டிய வுட்டுட்டுப் போயிட்டியே கண்ணு. யாராச்சும் இழுத்தா கிழிஞ்சிடும்னுதான் குந்திக்கினு கீறேன்."

எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தார் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. அவர் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் ஒரு சாண் ஒரு சாணாக வண்டியைப் பின்னால் எடுத்தேன். நாலைந்து கண்ணி அறுந்திருந்தது. பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. "மிதவைய மட்டும் வாங்கியாந்து குடுத்துடு" என்றார். அடுத்த வாரம் காசிமேடு போய் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன்.

அதற்கு அப்புறம் நான் குப்பத்துக்குள் கார் கொண்டு போவதே இல்லை. பஸ்ஸில் பெசன்ட் நகர் டெர்மினஸ் வந்து இறங்கி நடந்துவிடுகிறேன். காரில்தான் வர முடியும் என்றால் பீச் பக்கத்திலேயே விடுங்கள், ஆனால் ஞாயிறு காலை நடைபயிற்சிக் கூட்டம் வருவதற்கு முன்பே போய்விடுங்கள். பைக் என்றால் குப்பத்தில் யாரையாவது கேட்டால் அவர்களே ஓர் ஓரம் காட்டுவார்கள். காலியாகத் தெரிகிற மணல் எல்லாமே அங்கே யாருக்காவது வேலை செய்யும் இடம். வலை காயும், மீன் காயும், படகு ஏறும்.

பாலத்தின் மேல் ஏற வேண்டாம் என்பது என் கருத்து. 1967இல் கட்டி, 1977 வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போன பாலம் அது. கீழே கரையிலிருந்தே நன்றாகத் தெரியும். இன்னொன்று, குளிர்காலக் காலையில் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால் பெசன்ட் நகர் கரையில் நின்று வடக்கே பார்த்தால் வெளிச்சம் நம் முதுகுப்பக்கம் இருக்கும். எதிர்க்கரையில், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தில் நின்று பார்த்தால் கண் கூசும், பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும்.

வேளச்சேரி

நான் பறவை பார்க்கப் போவது பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு. துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடி சாலை சதுப்புநிலத்தை வெட்டிக்கொண்டுதான் போகிறது. பூநாரை நிற்பதைப் பார்த்ததும் கை தானாக இண்டிகேட்டரைப் போட்டுவிடும். மூன்று வருஷம் முன்பு நானும் அப்படித்தான் ஓரம் கட்டினேன். பின்சீட்டிலிருந்து மகள் கதவைத் திறக்கப் போனாள். அதே நொடியில் ஒரு லாரி உரசுகிற மாதிரி கடந்தது. காற்று அடித்ததில் கார் ஆடியது. குழந்தை அழவில்லை, என் கைதான் வெகுநேரம் நடுங்கியது.

தயவுசெய்து அந்தச் சாலையில் நிறுத்தாதீர்கள். ஒரு நிமிஷம்கூட வேண்டாம். வனத்துறை அமைத்திருக்கும் சூழல் பூங்காவுக்குள் நடைபாதை இருக்கிறது, உள்ளே போய் நிதானமாகப் பார்க்கலாம். நான் இப்போது பைக்கை வேளச்சேரி ரயில் நிலையத்தில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் போகிறேன். 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த இடம் இது. இவ்வளவு பேர் வருகிற இடத்துக்குச் சாலையோரம் பத்து வண்டி பத்திரமாக நிற்க ஓர் ஏற்பாடு வேண்டும். கேட்டுக்கொண்டே இருப்போம்.

நீலத்தாழைக்கோழியும் நெடுங்கால் உள்ளானும் மட்டும் போதும் என்றால் பெரும்பாக்கம் பக்கம் கூட்டம் குறைவு. ஆனால் அங்கே ஒரு குடியிருப்பின் வாசலை அடைத்து நிறுத்தி நான் திட்டு வாங்கியிருக்கிறேன். திட்டியவர் பக்கம்தான் நியாயம்.

திருவான்மியூர்

அப்பாவுக்கு 76 வயது, முழங்கால் வலி. மணலில் பத்தடி நடக்க முடியாது. மேலே சொன்ன இரண்டு இடமும் அவருக்கு ஆகாது. அதனால் எங்களுக்குப் பார்க்கிங் கேள்வி என்றால், வண்டியிலிருந்து இறங்கி எத்தனை அடி வைக்க வேண்டும் என்பதுதான்.

நாங்கள் கண்டுபிடித்தது அடையாற்றின் மேல் போகிற திரு.வி.க. பாலம். ஆட்டோவில் போய்ப் பாலத்துக்கு முன்பே இறங்கி, கிழக்குப் பக்க நடைபாதையில் மெதுவாக நடப்போம். ஆட்டோ காத்திருக்காது, அங்கே நிறுத்தவும் கூடாது. அப்பா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பார். போன மாதம் கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒன்று எங்கள் கண்மட்டத்திலேயே சிறகடித்து அந்தரத்தில் நின்றது. அப்பா என் கையை அழுத்திப் பிடித்தார், பேசவே இல்லை. அது விழுந்து மீனோடு எழுந்த பிறகுதான் மூச்சு விட்டார்.

லாரிப் புகையும் ஹாரனும் இருக்கத்தான் செய்கிறது. உட்கார ஒரு திண்ணை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அடையாறு ஓடைக்கரையில் உள்ள தொல்காப்பியப் பூங்காவுக்கு முன்பதிவு செய்து வயதானவர்களைக் கூட்டிப்போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உள்ளே எவ்வளவு நடக்க வேண்டியிருக்கும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

மந்தைவெளி

மேடம், பூங்காவுக்குள் நடை அதிகம். அப்பாவுக்கு வழியில் உட்கார ஒரு மடக்கு நாற்காலி கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், கிளம்புவதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அலை மணலைத் தள்ளி முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி நின்றுவிடும், சேற்றுத்திட்டு தெரியாது, உள்ளானும் இருக்காது. நான் இப்போதெல்லாம் குப்பத்தில் தெரிந்தவர்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். நேற்றுக் கேட்டதற்கு அந்த ஆயாவே போனை வாங்கிச் சொன்னார்: "முகம் தொறந்துதான் கீது. நீட்டு மூக்குக்காரனுங்க வந்துட்டானுங்க. நீ வா."