கிங் கிரிம்சன்: வரிசையாகக் கேட்டு மூன்றாவது ஆல்பத்தில் நிற்கிறேன், எப்படித் தொடர்வது?

ஒற்றைச்செவி
இந்த பிரிட்டிஷ் ராக் பேண்டின் 'ட்வென்ட்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஸ்கிட்சாய்ட் மேன்', 'எபிடாஃப்' இரண்டும் பிடித்துப்போய் 1969-லிருந்து வரிசையாக ஆரம்பித்தேன். முதல் ஆல்பத்தில் 'மூன்சைல்ட்' இரண்டரை நிமிடத்துக்குப் பிறகு பாட்டே இல்லை, அங்கங்கே டிங் டிங் என்று ஏதோ கேட்கிறது. இரண்டாவது ஆல்பம் முதலாவதின் நகல் மாதிரி. மூன்றாவதான 'லிசார்ட்' தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சரி என்று 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' போட்டால் தொடக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சவுண்டைக் கூட்டி வைத்தேன், திடீரென்று காது கிழிந்தது. இது போக, ஒரே ஆல்பம் மூன்று நான்கு பதிப்பாக இருக்கிறது. எதைக் கேட்பது, எந்த வரிசையில்? மொபைலும் இயர்போனும்தான், பழைய டிவிடி பிளேயர் ஒன்றும் உண்டு.

பதின்மூன்றெண்ணி
வரிசைதான் தப்பு. கிங் கிரிம்சன் என்பது ஒரே பேண்டு இல்லை. ராபர்ட் ஃபிரிப்பின் கிட்டார் மட்டும் நிலையாக இருக்க, சுற்றியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். முதல் ஆல்பத்தில் பாடிய கிரெக் லேக், மெல்லோட்ரானும் (டேப்பில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) புல்லாங்குழலும் வாசித்த இயன் மெக்டொனால்டு, டிரம்மர் மைக்கேல் ஜைல்ஸ் மூவருமே 1970 முடிவதற்குள் விலகிவிட்டார்கள். 'லிசார்ட்' செய்த அணி ஒரு கச்சேரிகூடச் செய்யாமல் கலைந்தது. 'எபிடாஃப்' கேட்ட காதோடு அங்கே போனால் வழி தெரியாதுதான்.

1974-இன் 'ரெட்'டில் தொடங்குங்கள் தம்பி. ஃபிரிப், பேஸ் வாசித்துப் பாடும் ஜான் வெட்டன், டிரம்மர் பில் புரூஃபர்டு மூன்றே பேர், கூட சில விருந்தினர்கள், ஐந்து உருப்படிகள், நாற்பது நிமிடம். 'எபிடாஃப்' பிடித்தவருக்கு 'ஸ்டார்லெஸ்' பிடிக்காமல் போக வாய்ப்பே இல்லை. அது உள்ளே இறங்கியபின் ஓராண்டு பின்னால் போய் 'லார்க்ஸ் டங்ஸ்'. பிறகு ஒரே தாவலாக 1981-க்கு, 'டிசிப்ளின்'. அங்கே கிட்டாருக்கு ஏட்ரியன் பெலூவும் பேஸுக்கு டோனி லெவினும் வந்தபின் முற்றிலும் வேறு இசை. மெல்லோட்ரான் கிடையாது, இரண்டு கிட்டார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடும். இந்த மூன்றும் பழகினால் மற்றதெல்லாம் தானாக வரும். இரண்டாவது ஆல்பமான 'இன் தி வேக் ஆஃப் பொசைடன்' நகல் மாதிரி என்றீர்களே, சரிதான். முதல் ஆல்பத்தின் அச்சிலேயே வார்த்தது. அதில் 'கேட் ஃபுட்' மட்டும் தனியாகக் கேளுங்கள், கீத் டிப்பெட்டின் பியானோவுக்காக.

'மூன்சைல்ட்' பற்றி: பாட்டு முடிந்தபின் வருவது முன்பே எழுதிவைக்காமல் ஸ்டுடியோவில் வாசித்த மனோதர்மம். மொத்தம் 12 நிமிடம், அதில் ஒன்பதுக்கு மேல் அதுதான். முதல் சுற்றில் தாண்டிப் போங்கள், பாவமில்லை.

டேப்ஹிஸ்
பதிப்புக் குழப்பத்துக்கு: ரீமாஸ்டர் என்றால் பழைய ஸ்டீரியோ டேப்பையே சுத்தம் செய்து வெளியிட்டது. ரீமிக்ஸ் என்றால் வாத்தியங்கள் தனித்தனியாகப் பதிவான பல டிராக் டேப்புக்கே திரும்பிப் போய் ஒவ்வொரு வாத்தியத்தின் அளவையும் புதிதாக வைத்தது. 2009-லிருந்து இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன், ஃபிரிப்போடு சேர்ந்து செய்தவை இரண்டாம் வகை. உங்களுக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியப்போவது 'லிசார்ட்'டில்தான். பழைய மிக்ஸில் ஓபோ, கார்னெட், டிராம்போன் என்ற ஊதுவாத்தியங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிசலாக இருந்தன. ரீமிக்ஸில் ஒவ்வொன்றும் நிற்க இடம் கிடைத்தது. முதல் ஆல்பத்தின் 2009 மிக்ஸில் 'மூன்சைல்ட்' சுமார் 9 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. முழு நீளம் அதே தட்டில் கூடுதலாக உண்டு. ஆக, நீளத்தைப் பார்த்தே எந்தப் பதிப்பு என்று கண்டுபிடிக்கலாம். 'ரெட்' 2009 பதிப்பில் சிடியில் இருப்பது பழைய ஸ்டீரியோ மிக்ஸ்தான், சரவுண்ட் (சுற்றிலும் பல ஸ்பீக்கரில் கேட்கும் ஒலி) மட்டும் புதிது. புது ஸ்டீரியோ மிக்ஸ் 2013-இல்தான் வந்தது. 'ரெட்'டுக்குப் பழைய மிக்ஸே போதும், அந்த முரட்டுத்தனத்தை மெருகேற்ற வேண்டியதில்லை.

சத்தப் பிரச்சினை உங்கள் இயர்போனுடையது அல்ல. 'லார்க்ஸ் டங்ஸ்' முதல் பாகம் கட்டைவிரல் பியானோவும் மணிகளுமாக மிக மெல்லத் தொடங்குகிறது. கனமான கிட்டார் முழுதாக இறங்க மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். 'ரெட்' முதல் பாட்டுக்கு எவ்வளவு சவுண்டு சரியாக இருந்ததோ அதே அளவில் வைத்துவிட்டு, பிறகு தொடாதீர்கள். பஸ்ஸில் கேட்டால் அந்த மூன்று நிமிடமும் வீண், அமைதியான இடம் வேண்டும்.

ஆப்பில் ஷஃபிள், க்ராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) இரண்டையும் அணையுங்கள். 'லார்க்ஸ் டங்ஸ்' ஆல்பத்தில் 'தி டாக்கிங் டிரம்' கிட்டத்தட்ட நிசப்தத்திலிருந்து ஏழரை நிமிடம் ஏறிக்கொண்டே போய், ஒரு கிறீச்சலில் நேராக 'லார்க்ஸ் டங்ஸ்' இரண்டாம் பாகத்துக்குள் விழும். க்ராஸ்ஃபேட் இருந்தால் அந்த விளிம்பு மழுங்கிவிடும். ஒலியளவைச் சமன் செய்யும் அமைப்பு பாட்டுக்குப் பாட்டு என்று இருந்தால் இரண்டுக்கும் நடுவே அளவு குதிக்கும். ஆல்பத்துக்கு மொத்தமாக என்று மாற்றுங்கள், இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். பேஸ் பூஸ்ட்டும் வேண்டாம். வெட்டனின் பேஸ் ஏற்கெனவே உறுமலோடு பதிவானது, அதை இன்னும் ஏற்றினால் வயலினை விழுங்கிவிடும்.

மாமா மெல்லோட்ரான்
'லிசார்ட்'டை இப்படி ஓரம் கட்டாதீர்கள் ஐயா! ஃபிரிப்புக்கே பல காலம் பிடிக்காமல் இருந்து, வில்சன் மிக்ஸுக்குப் பிறகுதான் மனம் மாறியது. ஒற்றைச்செவி, முழு ஆல்பமும் வேண்டாம். முதல் பாட்டு 'சர்க்கஸ்', பிறகு 23 நிமிடத் தலைப்பு உருப்படியின் முதல் பகுதி. அதைப் பாடியது யெஸ் பேண்டின் ஜான் ஆண்டர்சன். அடுத்து வரும் 'பொலேரோ'வில் ஓபோவை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.

அதைவிடச் சுருக்கு வழி 'லைவ் இன் சிகாகோ', 2017. எட்டுப் பேர், மேடையின் முன்வரிசையில் மூன்று டிரம்மர்கள், பாடுவது ஜாக்கோ ஜாக்சிக். 'சர்க்கஸ்', 'லிசார்ட்' பகுதிகள், 'ஐலண்ட்ஸ்', 'ரெட்', 'ஸ்டார்லெஸ்', 'இன்டிசிப்ளின்' எல்லாம் ஒரே அணியின் ஒலியில். எந்தக் காலம் பிடிக்கிறது என்று ஒரே நாளில் தெரிந்துவிடும்.

பதின்மூன்றெண்ணி
தெரியும். ஆனால் அதில் எல்லாக் காலமும் ஒரே நிறத்தில் கேட்கும். புரூஃபர்டு எப்படி இடம் விட்டு வாசித்தார் என்பதை மூன்று டிரம் செட்டில் தேட முடியாது. இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளட்டும்.

ஒற்றைச்செவி
'ரெட்' கேட்டேன். முதல் மூன்றும் உடனே பிடித்தன. 'ப்ராவிடன்ஸ்' மறுபடியும் மூன்சைல்ட் கதை. 'ஸ்டார்லெஸ்' நடுவில் ஒரே சுரத்தைப் போட்டு இழுப்பது எதற்கு, தாளம் என்ன? 'டிசிப்ளின்'னில் 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' தாளமும் கைக்கு வரவில்லை. நண்பரிடமிருந்து 'லிசார்ட்' சிடி-டிவிடி செட் கிடைத்தது. டிவிடியைப் போட்டால் படம் வருகிறது, சத்தம் வரவில்லை.

பதின்மூன்றெண்ணி
'ப்ராவிடன்ஸ்' அதே பெயருள்ள அமெரிக்க ஊரின் மேடையில் 1974 ஜூன் 30 அன்று பதிவான மனோதர்மம். வயலின் டேவிட் கிராஸ். 'ரெட்' ஸ்டுடியோ வேலைக்கு முன்பே அவர் அணியில் இல்லை. முதல் பாதி சும்மா துழாவல்தான், பாதி தாண்டியபின் பேஸும் டிரம்ஸும் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து கேளுங்கள்.

'ஸ்டார்லெஸ்' நடுப்பகுதி பதின்மூன்று. தகதிமி தகதிமி தகதகிட என்று பேஸோடு எண்ணுங்கள். பிரிப்பு நம் வசதிக்குத்தான், மொத்தம் 13 வந்தால் சரி. கிட்டாரைக் கவனிக்காதீர்கள், அது வேண்டுமென்றே கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. டிரம்ஸைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் புரூஃபர்டு ஏதோ ஒன்றைச் சேர்ப்பார், கிட்டார் சுரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். ஒன்பதாவது நிமிடம் வாக்கில் வேகம் எகிறி சாக்ஸபோன் வரும். கடைசியில் ஆரம்ப மெட்டு திரும்பும்போது அந்த நாலரை நிமிட இழுவை எதற்கென்று கேள்வியே வராது.

'ஃப்ரேம் பை ஃப்ரேம்': ஏழு. தகிட தகதிமி. இரண்டு கிட்டாரும் ஒரே உருவைச் சேர்ந்து தொடங்கும். ஒன்று ஏழை இரண்டு முறை, அதாவது 14 வாசிக்க, மற்றது ஒரு சுரத்தை விட்டு 13-இல் சுற்றும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று விலகும். வலது காதையோ இடது காதையோ ஒன்றை மட்டும் பிடித்துக் கையில் ஏழு போடுங்கள், மற்றது நழுவுவது தானாகக் கேட்கும். இரண்டையும் சேர்த்து எண்ணப் போனால்தான் தொலைவீர்கள்.

டேப்ஹிஸ்
டிவிடி பிரச்சினை எளிது. அந்தத் தட்டில் இரண்டு பகுதி உண்டு. டிவிடி ஆடியோ பகுதியைச் சாதாரண பிளேயர் படிக்காது. வீடியோ பகுதியில் சரவுண்ட் டிடிஎஸ் வடிவில் இருக்கிறது. சிவப்பு-வெள்ளை வயரில் நேராக டிவிக்கு விட்டால் பல பிளேயர்கள் அதைப் பிரித்துக் கொடுக்காது, அதனால் மௌனம். தட்டின் மெனுவில் ஆடியோவை பிசிஎம் ஸ்டீரியோ (சுருக்காத சாதாரண இரண்டு சானல் ஒலி) என்று மாற்றுங்கள். சரவுண்ட் கேட்க டிடிஎஸ் பிரிக்கும் ரிசீவரும் டிஜிட்டல் இணைப்பும் வேண்டும்.

ஒற்றைச்செவி
பிசிஎம் வேலை செய்தது, நன்றி அண்ணா. அடுத்து 'ஸ்டார்லெஸ் அண்ட் பைபிள் பிளாக்', 'எர்த்பவுண்ட்' வாங்கலாமா?

மாமா மெல்லோட்ரான்
முதலாவது தாராளமாக. பெரும்பகுதி கச்சேரிப் பதிவு, கைதட்டலை நீக்கிவிட்டார்கள். கடைசியில் வரும் 'ஃப்ராக்சர்' 11 நிமிடமும் ஃபிரிப்பின் விரல்களுக்குப் பரீட்சை. பிடித்தால் 1973 ஆம்ஸ்டர்டாம் கச்சேரியை 'தி நைட்வாட்ச்' என்று 1997-இல் வெளியிட்டார்கள், அந்த ஆல்பத்தின் பாதி எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

'எர்த்பவுண்ட்' இப்போது வேண்டாம். 1972 அமெரிக்கச் சுற்றில் கேசட்டில் பிடித்தது, ஒலி அடைத்துக்கொண்டிருக்கும். அந்த அணியைக் கேட்க 'லேடீஸ் ஆஃப் தி ரோட்' எடுங்கள். இரண்டாம் தட்டு முழுக்க 'ஸ்கிட்சாய்ட் மேன்' தனி வாசிப்புகளை ஒட்டி வைத்தது. அதை ஒரே மூச்சில் கேட்க முடிந்தால் இங்கே வந்து சொல்லுங்கள்.