இம்ப்ரெஷன் பாதியாகிவிட்டது, தளத்தை முழுக்கத் திருப்பி எழுதணுமா?

சிராங்கூன்ரோடு_வெப்:
வணக்கம். சைவ கேட்டரிங்கும் தீபாவளிப் பலகாரமும் விற்கும் ஒரு கடையின் தளத்தைக் கவனித்துக்கொள்கிறேன். வேர்ட்பிரஸில் கட்டியது. ஆங்கிலம், தமிழ் சேர்த்து 60 பக்கம். 2025 செப்டம்பர் நடுவிலிருந்து கூகுளின் சர்ச் கன்சோல் கணக்கில் இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் நம் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை) பாதிக்கும் கீழே போய்விட்டது. கிளிக் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறது. தேடல் முடிவில் சராசரி இடமோ 31லிருந்து 14க்கு முன்னேறியிருக்கிறது! தமிழ்ப் பக்கங்களுக்கு முன்பும் கிளிக் இல்லை, இப்போதும் இல்லை.

எஸ்இஓ (தேடலில் தளத்தை முன்னேற்றும் வேலை) செய்து தருபவர் ஒருவர், "இனி எல்லாம் ஏஐ தேடல்தான், 60 பக்கத்தையும் ஏஐ வைத்துத் திருப்பி எழுதி, ஒவ்வொன்றிலும் கேள்வி-பதில் ஸ்கீமா (தேடுபொறிக்கான குறியீடு) போடணும்" என்று 3,000 சிங்கப்பூர் வெள்ளி கேட்கிறார். கொடுக்கலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பிடோக்_தரவு:
காசைக் கொடுக்காதீர்கள். உங்கள் தளம் விழவில்லை, அளவுகோல் மாறியிருக்கிறது.

ஒரே பக்கத்தில் 100 முடிவுகளைக் காட்டச் சொல்லும் 'num=100' என்ற, தேடல் முகவரியில் சேர்க்கும் பாராமீட்டரை 2025 செப்டம்பரில் கூகுள் நிறுத்திவிட்டது. ரேங்க் பார்க்கும் மென்பொருள்கள் அதை வைத்துத்தான் முடிவுகளை வாரிக்கொண்டிருந்தன. 60ஆவது, 80ஆவது இடத்தில் கிடந்த உங்கள் பக்கமும் அப்போதெல்லாம் ஒரு இம்ப்ரெஷனாகப் பதிவானது. மனிதர் யாரும் அங்கே வரை போவதில்லை. அந்தப் போலி எண்ணிக்கை போனதும் இம்ப்ரெஷன் சரிந்தது, கீழ் இடங்கள் கணக்கிலிருந்து நீங்கியதால் சராசரி இடம் 'முன்னேறியது'. இம்ப்ரெஷன் சரிந்து, இடம் முன்னேறி, கிளிக் அப்படியே இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கிளிக் உண்மையிலேயே குறைந்ததா என்பதைத் தனியாகப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தீபாவளி 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20. பலகாரக் கடைக்குத் தேதிக்குத் தேதி ஒப்பிட்டால் 11 நாள் தள்ளிப்போய், இல்லாத சரிவு தெரியும். 'கம்பேர்' போய் 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, பண்டிகைக்கு முந்தைய 42 நாளை வையுங்கள்: 2024இல் செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 30 வரை, 2025இல் செப்டம்பர் 8 முதல் அக்டோபர் 19 வரை. கடைப் பெயரைக் கொண்ட தேடல்களை வடிகட்டி நீக்கிவிட்டு, கிளிக்கை மட்டும் பாருங்கள். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும், அதனால் 2024 கணக்கு இன்னும் இருந்தால் இன்றே ஸ்பிரெட்ஷீட்டில் இறக்கிவிடுங்கள்.

கேள்வி-பதில் ஸ்கீமா பற்றி: அதனால் தேடல் முடிவிலேயே கேள்வி-பதில் விரிந்து தெரிவதை 2023 ஆகஸ்டிலேயே அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று கூகுள் சுருக்கிவிட்டது. கேட்டரிங் தளத்துக்கு அதில் ஒன்றும் தேறாது.

யூனிகோட்_உட்லண்ட்ஸ்:
எனக்குத் தமிழ்ப் பக்கங்கள்தான் கவலை. 'முன்பும் இல்லை, இப்போதும் இல்லை' என்றால் அது டிரெண்ட் இல்லை, கோளாறு.

முதலில் ஒரு தமிழ்ப் பக்கத்தின் முகவரியை சர்ச் கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் போடுங்கள். 'கூகுள் தேர்ந்தெடுத்த கேனானிகல்' (அசல் பக்கம் எது என்பது) என்ற வரியில் ஆங்கிலப் பக்கம் வருகிறதா? மொழிபெயர்ப்பு பிளகினும் எஸ்இஓ பிளகினும் மோதும்போது, தமிழ்ப் பக்கத்தின் கேனானிகல் ஆங்கிலத்தைக் காட்டிவிடும். "இது நகல், அசல் அங்கே இருக்கிறது" என்று நாமே கூகுளிடம் சொன்ன மாதிரி. ஒவ்வொரு மொழிப் பக்கமும் தன்னையே கேனானிகலாகக் காட்டணும். எச்ரெஃப்லாங்கில் (ஒரு பக்கத்தின் வேறு மொழி வடிவம் எங்கே என்று சொல்லும் குறியீடு) இரண்டும் ஒன்றையொன்று காட்டுவதோடு தன்னையும் சேர்த்துக்கொள்ளணும். ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் காட்டாவிட்டால் கூகுள் அதைக் கண்டுகொள்ளாது.

அடுத்து எழுத்து. மெனுவை ஜேபெக் படமாகப் போட்டிருந்தால் எழுத்தாகத் தட்டுங்கள். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் இருந்த கோப்பை மாற்றி ஒட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. கண்ட்ரோல் எஃப் அடித்து 'பிரியாணி' என்று உங்கள் பக்கத்திலேயே தேடுங்கள். அகப்படவில்லை என்றால் உள்ளே 'பிாியாணி' இருக்கிறது: 'ர'வுக்குப் பதிலாகத் துணைக்கால். கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கணினிக்கு வேறு சொல். 'சேர்க்க' என்பது 'சோ்க்க' ஆகியிருக்கும், 'தெரியும்' என்பது 'தொியும்' ஆகியிருக்கும்.

சிராங்கூன்ரோடு_வெப்:
இரண்டுமே இருக்கிறது. 24 தமிழ்ப் பக்கத்துக்கும் கேனானிகல் ஆங்கிலப் பக்கம். 'காய்கறி பிரியாணி' தேடினால் 11 பக்கத்தில் அகப்படவில்லை. ஒவ்வொன்றாகக் கையால் திருத்தணுமா? தமிழ் யூஆர்எல்களையும் இப்போதே மாற்றிவிடலாமா? ஏஐ ஓவர்வியூ (முடிவுகளுக்கு மேலே கூகுள் காட்டும் ஏஐ சுருக்கம்) விஷயத்தில் ஒன்றுமே செய்யவேண்டாமா?

யூனிகோட்_உட்லண்ட்ஸ்:
கையால் வேண்டாம். டேட்டாபேஸை பேக்கப் எடுத்துவிட்டு, டபிள்யூபி-சிஎல்ஐயின் (வேர்ட்பிரஸுக்கான கட்டளைவரிக் கருவி) சர்ச்-ரிப்ளேஸை முதலில் எதையும் மாற்றாத ஒத்திகையாக (டிரை-ரன்) ஓட்டிப் பாருங்கள். தமிழில் துணைக்காலை அடுத்து இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ வரவே வராது. அதனால் 'ாி' → 'ரி', 'ாீ' → 'ரீ', 'ா்' → 'ர்' மூன்றையும் தயங்காமல் மாற்றலாம். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்போடு கால் ஒட்டிக்கொண்ட இடங்கள் தனி: 'ோ்' → 'ேர்', 'ொி' → 'ெரி', 'ோி' → 'ேரி'. முடித்தபின் ஐந்தாறு பக்கத்தைக் கண்ணால் படித்துவிடுங்கள்.

யூஆர்எல்: தமிழ் எழுத்துக்குறி ஒவ்வொன்றும் (உயிர்க்குறியும் தனிக் கணக்கு) என்கோடிங்கில் 9 குறியாக விரியும். 'தீபாவளி' என்ற ஒரு சொல்லே 63. வேர்ட்பிரஸ் ஸ்லக்கை (முகவரியில் பக்கத்தின் பெயர்ப் பகுதி) 200 குறியில் வெட்டுவதால் 22 எழுத்துக்குறிக்கு மேல் உள்ளது காணாமல் போகும். புதிய பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் குட்டி ஸ்லக் வையுங்கள். பழையதில் கிளிக் வருவதைத் தொடாதீர்கள். மற்றதை மாற்றினால் பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போட்டு, மெனுவிலும் சைட்மேப்பிலும் (தேடுபொறிக்கான பக்கப் பட்டியல்) உள்ள லிங்க்குகளையும் மாற்றுங்கள். கேனானிகல் திருத்தமும் யூஆர்எல் மாற்றமும் ஒரே வாரத்தில் வேண்டாம், எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

ஜூரோங்_சர்வர்:
ஏஐ ஓவர்வியூ பற்றி நான் சொல்கிறேன். அதில் வருவதற்குத் தனி ஸ்கீமா, தனி கோப்பு எதுவும் தேவையில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. பக்கம் கூகுளின் பட்டியலில் இண்டெக்ஸ் ஆகியிருக்கணும், ஸ்னிப்பெட் (முடிவின் கீழே வரும் விளக்க வரி) காட்ட அனுமதி இருக்கணும், அவ்வளவுதான். சிலர் robots.txt கோப்பில் 'கூகுள்-எக்ஸ்டெண்டட்' என்ற பெயரைத் தடுத்துவிட்டு ஓவர்வியூவில் வரமாட்டோம் என்று நினைக்கிறார்கள். அதற்கும் தேடலுக்கும் தொடர்பில்லை. பக்கத்தில் 'நோஸ்னிப்பெட்' குறியீடு போட்டால் தடுக்கலாம், ஆனால் சாதாரண முடிவில் உள்ள விளக்க வரியும் சேர்ந்து போய்விடும்.

60 பக்கத்தையும் ஏஐயால் எழுதிக் குவிப்பது ஆபத்து. இப்படி மொத்தமாக உற்பத்தி செய்யும் உள்ளடக்கத்தை 2024 மார்ச்சில் கூகுள் ஸ்பேம் விதியிலேயே சேர்த்துவிட்டது. "கேட்டரிங் என்றால் என்ன" போன்ற பொதுப் பேச்சை ஓவர்வியூவே சொல்லிவிடும், அதற்காக யாரும் உள்ளே வரமாட்டார்கள். கடைக்காரர் மட்டுமே சொல்லக்கூடியதை எழுதுங்கள்: குறைந்தது எத்தனை பேருக்கு, தலைக்கு எத்தனை வெள்ளி, அதில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா, எத்தனை நாள் முன்னால் ஆர்டர் கொடுக்கணும், மேற்குக் கோடியில் துவாஸ் வரை டெலிவரி உண்டா, வெங்காயம் பூண்டு இல்லாமல் கிடைக்குமா. சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிம எண்ணையும் போடுங்கள். தமிழ்ப் பக்கத்தில் இதெல்லாம் ஆங்கிலத்தின் நிழலாக இல்லாமல் தானாகவே முழுமையாக இருக்கட்டும்.

கூகுள் பிசினஸ் புரொஃபைலை (தேடலிலும் மேப்பிலும் வரும் கடை விவரம்) மறந்துவிடாதீர்கள். உள்ளூர்த் தேடலில் தளத்துக்கு முன்னால் கண்ணில் படுவது அதுதான். முதன்மை வகையைச் சரியாக வைத்து, தீபாவளி வாரத்துக்குச் 'சிறப்பு நேரம்' போடுங்கள்.

வேகம் கடைசியில். ஐஎன்பி (தட்டியதும் பக்கம் பதில் தரும் நேரம்) 200 மில்லிவினாடிக்குள், எல்சிபி (பெரிய படமோ எழுத்தோ தெரிய ஆகும் நேரம்) 2.5 வினாடிக்குள், சிஎல்எஸ் (வரிகள் இடம் குதிக்கும் அளவு) 0.1க்குள் இருந்தால் போதும். தமிழ்ப் பக்கத்தில் மட்டும் சிஎல்எஸ் ஏறினால் எழுத்துருவைப் பாருங்கள். ஃபோனின் சொந்தத் தமிழ் எழுத்தும் உங்கள் வெப் எழுத்துருவும் அகலத்தில் வேறுபடுவதால், மாறும் நொடியில் வரிகள் குதிக்கும். எழுத்துருவின் தமிழ்ப் பகுதியை மட்டும் வெட்டி, வாஃப்2 என்ற சுருக்கிய வடிவமாக்கி ப்ரீலோட் செய்தால் (முன்கூட்டியே இறக்கினால்) குதிப்பு பெரிதும் அடங்கும்.

பிடோக்_தரவு:
ஒன்று விட்டுப்போயிற்று. வாட்ஸ்அப் பொத்தானை அழுத்துவதை கூகுள் அனலிட்டிக்ஸில் (ஜிஏ4) முக்கிய நிகழ்வாகக் குறித்துவையுங்கள். உங்கள் கடைக்கு ஆர்டர் வருவது அந்த வழியாகத்தான் இருக்கும். கேனானிகல் திருத்திய தேதியையும் எங்காவது எழுதிவையுங்கள். முக்கியமான நாலைந்து பக்கத்துக்கு மட்டும் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் 'ரிக்வெஸ்ட் இண்டெக்ஸிங்' கொடுங்கள், மீதியை சைட்மேப் பார்த்துக்கொள்ளும். தமிழ்ப் பக்கங்கள் இண்டெக்ஸில் ஏற வாரக்கணக்கில் ஆகும், நடுவில் திரும்பத் திரும்ப மாற்றாதீர்கள்.