ஈரமணலில் டிடெக்டர் கத்துகிறது, என்ன செட்டிங் வைக்கலாம்?
தரங்கம்பாடி கடற்கரையில் விடிகாலை ஆற அமர மெட்டல் டிடெக்டர் பிடிப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள். என்னிடம் உள்ள ஒற்றை அலைவரிசை வி.எல்.எஃப். (மிகக் குறைந்த அலைவரிசை) கருவி காய்ந்த மணலில் ஒரு சாண் ஆழத்துக் காசையும் சுத்தமாகக் காட்டுகிறது. அலை நனைக்கும் இடத்தில் ஓயாமல் கத்துகிறது. உப்புநீர் மின்சாரம் கடத்துவதும், கருமணலின் இரும்புத் தாதும்தான் காரணம். ஈரமணலிலேயே காயிலை (மணலுக்கு மேல் வீசும் சுருள் வட்டு) ஏற்றி இறக்கி கிரவுண்ட் பேலன்ஸ் (மண்ணின் சிக்னலைக் கருவி ஒதுக்கும்படி செய்வது) செய்தாயிற்று, சென்சிட்டிவிட்டியைப் பாதியாக்கியாயிற்று. சத்தம் குறைந்தால் ஆழமும் போகிறது. டிஸ்கிரிமினேஷனை (வேண்டாத உலோகத்தை வடிகட்டும் செட்டிங்) ஏற்ற மனமில்லை. அலுமினியத் தாளை மறைத்தால் மெல்லிய தங்க மோதிரமும் சேர்ந்தே மறையும்.

பல்ஸ் இண்டக்‌ஷன் (விட்டுவிட்டு மின்துடிப்பு அனுப்பித் தேடும் வகைக் கருவி) உப்பைச் சட்டை செய்யாது, ஆனால் துருப்பிடித்த ஆணியையெல்லாம் தோண்ட வைக்கும். பல அலைவரிசைக் கருவி இந்தக் கருமணலில் நிற்குமா? பயன்படுத்தியவர்கள் சென்சிட்டிவிட்டி எவ்வளவு, காயில் என்ன அளவு என்று சொல்லுங்கள். தொல்லியல் இடமான டேனிஷ் கோட்டைப் பக்கம் போவதில்லை. பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டிய புதையலை 1878 சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லியாக வேண்டும், புதியவர்களும் கவனியுங்கள்.