ஒரே மூட்டை, இடத்துக்கு இடம் வேறு எடை: லோடு செல் வயரிங் உதவி, அவசரம்

ராஜமன்னை72 | காலை 6.10
வணக்கம். நெல் மூட்டை எடை போட வீட்டிலேயே ஒரு மேடை செய்தேன். எடையை மின் சிக்னலாக மாற்றும் லோடு செல் 4, அந்தச் சிக்னலை எண்ணாக்கும் எச்எக்ஸ்711 போர்டு, நிரல் ஓட ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை. 5 கிலோ படிக்கல் வைத்து அளவைச் சரிப்படுத்தினேன், சரியாக 5 காட்டியது. மூட்டை ஏற்றினால்தான் குழப்பம். நடுவில் வைத்தால் 40. வாசல் பக்கம் கொஞ்சம் தள்ளினால் 56. கிணற்றுப் பக்கம் தள்ளினால் 24. மூட்டை அதேதான். வயரிங் படம் பார்த்துத்தான் போட்டேன். நாளை மறுநாள் குறுவை அறுப்பு, மழை வேறு கட்டி நிற்கிறது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வெட்டாறு_வாசு | காலை 6.42
எந்த லோடு செல் அண்ணே? ஒரு செல்லிலிருந்து 3 வயர் வருகிறதா, 4 வயரா? எந்தப் படம் பார்த்தீர்கள்? மேடையைக் கவிழ்த்து அடிப்பக்கம் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். இது தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

கொள்ளிடக்கரை | காலை 7.05
எர்த் சரியில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எங்கள் ரைஸ் மில்லில் 3 பேஸ் மோட்டார் ஓடினாலே தராசு எண் ஆடும். மேடையின் இரும்புச் சட்டத்திலிருந்து ஒரு கம்பி இழுத்துத் தனியாக எர்த் குழி போட்டோம், அன்றோடு நின்றது. கரி, உப்பு போட்டு ஒரு குழி வெட்டுங்கள்.

வெட்டாறு_வாசு | காலை 7.11
அவருக்கு எண் ஆடவில்லையே. நின்று நிதானமாக 56 காட்டுகிறது, நகர்த்தினால் 24 காட்டுகிறது. எர்த் கோளாறு மூட்டை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காது.

பழைய_பிட்டர் | காலை 7.30
இந்தக் குழுவில் இதே கேள்விக்கு எத்தனையோ தடவை பதில் எழுதிவிட்டேன். பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். 31 வருடம் சர்க்கரை ஆலையில் கருவிப் பிரிவில் இருந்தவன் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

லோடு செல்லில் சிவப்பும் கறுப்பும் மின்சாரம் கொடுக்க. பச்சையும் வெள்ளையும் சிக்னல். ஆனால் நிறத்தை நம்பாதே, மீட்டரை நம்பு. கம்பெனிக்குக் கம்பெனி பச்சையும் வெள்ளையும் இடம் மாறும். 4 வயரையும் எதிலும் இணைக்காமல் இரண்டிரண்டாக ஓம் அளந்து பார். 400 ஓம் பக்கத்தில் காட்டும் ஜோடி மின்சார ஜோடி. 350 காட்டுவது சிக்னல் ஜோடி. வேறு எப்படிப் பிடித்தாலும் இவற்றைவிடக் குறைவாக வரும். 4 செல்லையும் ஜங்ஷன் பாக்ஸில் இணையாகச் சேர்த்து, மூலைக்கு மூலை டிரிம்பாட் (திருகி மாற்றும் சின்ன மின்தடை) திருப்பிச் சமன் செய்ய வேண்டும். ஜங்ஷன் பாக்ஸ் இல்லாமல் 4 செல் மேடை என்று பேசுவதே தப்பு.

காவேரிப்பிள்ளை | காலை 7.48
ஐயா சொல்வது 4 வயர் முழுப்பால செல்லுக்கு, அதில் 4 மின்தடையும் உள்ளேயே இருக்கும். ஆர்டுயினோ வைத்து வீட்டில் செய்கிறவர்கள் பெரும்பாலும் வாங்குவது குளியலறை எடை மிஷினில் வரும் 50 கிலோ செல். அதில் 3 வயர்தான், இரண்டே மின்தடை, அரைப்பாலம். ராஜமன்னை அண்ணன் எதை வைத்திருக்கிறார் என்றே இன்னும் சொல்லவில்லை.

பழைய_பிட்டர் | காலை 7.55
3 வயர் செல் எல்லாம் விளையாட்டுப் பொருள். அதை லோடு செல் என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

மென்பொருள்_மணி | காலை 8.20
வயரிங்கை விடுங்கள். எச்எக்ஸ்711 நொடிக்கு 10 தடவையும் படிக்கும், 80 தடவையும் படிக்கும். சில போர்டில் 80க்கு இணைத்தே அனுப்புகிறார்கள், இரைச்சல் கூடும். 10க்கு மாற்றிவிட்டு 20 எண்ணுக்கு ஒரு சராசரி எடுங்கள், சரியாகிவிடும். உங்கள் நிரலை அப்படியே இங்கே ஒட்டுங்கள்.

வெட்டாறு_வாசு | காலை 8.26
24ஐ நூறு தடவை படித்துச் சராசரி எடுத்தாலும் 24தான் மணி.

உழவன்_திருவாரூர் | காலை 9.02
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வீட்டில் செய்த தராசை வைத்து நெல் விற்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியுமா? சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 இருக்கிறது. வியாபாரத்துக்கு வைக்கும் தராசு சரிபார்த்து முத்திரை போட்டதாக இருக்க வேண்டும். நம் மாநிலத்தில் தொழிலாளர் துறைதான் அதைப் பார்க்கிறது. யாராவது புகார் கொடுத்தால் இவர்தான் மாட்டிக்கொள்வார்.

கொள்ளிடக்கரை | காலை 9.15
அவர் விற்கவா போகிறார்? மூட்டையை வண்டியில் ஏற்றும் முன் தனக்காக ஒரு தடவை பார்த்துக்கொள்கிறார். போன வருடம் நான் வீட்டில் எடை போடாமல் விற்கக் கொண்டுபோனேன். அங்கே சிப்பத்துக்கு (மூட்டைக்கு) ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ என்று குறைவாக எழுதினார்கள். 90 சிப்பம். என்னிடம் ஒரு கணக்கும் இல்லை, வாய் திறக்க முடியவில்லை. எடை தெரிந்துகொண்டு போகிற விவசாயியை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

உழவன்_திருவாரூர் | காலை 9.24
குறை சொல்லவில்லை அண்ணே. தனக்காகப் பார்ப்பது வேறு, அதை வைத்து ஒருவரிடம் காசு வாங்குவது வேறு. அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்றுதான் சொன்னேன். அப்புறம் ஒன்று, குறைந்ததெல்லாம் தராசில்தான் குறைந்தது என்று இருக்க வேண்டியதில்லை. 20 சதவீத ஈரத்தில் 40 கிலோ பிடித்த மூட்டை, காய்ந்து 17 சதவீதத்துக்கு வந்தால் 38 அரைக் கிலோதான் இருக்கும். களத்தில் இரண்டு நாள் காய்ந்த பிறகு எடை போட்டீர்களா, அதற்கு முன்பா?

கொள்ளிடக்கரை | காலை 9.31
காய்ந்த நெல்தான். எனக்குத் தெரியாதா?

தாத்தா_மரக்கால் | காலை 9.50
என் அப்பா காலத்தில் இந்தச் சண்டையே இல்லை. 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம், 2 கலம் ஒரு மூட்டை. களத்திலேயே எல்லோர் கண் முன்னாலும் அளப்பார்கள். முதல் மரக்காலுக்கு ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்றுதான் சொல்வார்கள்.

உழவன்_திருவாரூர் | காலை 9.58
அளக்கிறவர் கையைப் பொறுத்து மரக்காலும் மாறும் ஐயா. கோபுரமாகக் குவிக்கலாம், தலை தட்டலாம், பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி இறுக்கலாம். தனக்குக் குத்தகை நெல் அளந்தவரைப் பற்றி எங்கள் பாட்டி கடைசி வரை வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தார்.

வெட்டாறு_வாசு | காலை 10.05
நல்ல பேச்சு, ஆனால் தனி இழை போடுங்கள். கேள்வி கேட்டவர் எங்கே?

ராஜமன்னை72 | மதியம் 1.35
வயலில் இருந்தேன், மன்னிக்கவும். 3 வயர் செல்தான். சிவப்பு, வெள்ளை, கறுப்பு. ஒவ்வொன்றும் 50 கிலோ. பக்கத்துச் செல்லோடு வெள்ளையை வெள்ளையோடும் கறுப்பைக் கறுப்போடும் சேர்த்தேன். 4 சிவப்பும் போர்டுக்குப் போகின்றன. போட்டோ மாலையில் போடுகிறேன். இன்னொன்று: நான் 62 கிலோ. கிணற்றுப் பக்கம் வலது மூலையில் ஏறி நின்றால் மைனஸ் 25 காட்டுகிறது. மற்ற மூன்று மூலையிலும் மைனஸ் வரவில்லை.

காவேரிப்பிள்ளை | மதியம் 1.58
அந்த மைனஸ் 25ஐக் காலையிலேயே சொல்லியிருந்தால் அரை நாள் மிச்சமாகியிருக்கும் அண்ணே. அந்த மூலை செல் மட்டும் தலைகீழாக வேலை செய்கிறது. மூன்று செல் கூட்டுகின்றன, அது ஒன்று கழிக்கிறது.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 40 கிலோ மூட்டை சரியாக நடுவில் இருந்தால் செல்லுக்கு 10 கிலோ. 10 + 10 + 10 − 10 = 20. பாதிதான் வருகிறது. ஆனால் நீங்கள் 5 கிலோ கல்லையும் நடுவில் வைத்துத்தான் சரிப்படுத்தியிருப்பீர்கள். அப்போதும் பாதிதான் வந்தது, அந்தப் பாதியையே 5 என்று நிரலுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள். அதிலிருந்து அது எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குகிறது. அதனால்தான் நடுவில் 40 சரியாகத் தெரிகிறது.

கிணற்றுப் பக்கம் தள்ளும்போது அந்தச் செல்லின் மேல் 14 கிலோ விழுகிறது என்று வையுங்கள். மற்ற மூன்றிலும் சேர்த்து 26. 26 − 14 = 12, இரட்டித்தால் 24. வாசல் பக்கம் தள்ளினால் அந்தச் செல்லில் 6 கிலோதான், மற்றவற்றில் 34. 34 − 6 = 28, இரட்டித்தால் 56. நீங்கள் சொன்ன இரண்டு எண்ணும் அப்படியே வருகின்றன.

ஏன் இப்படி என்றால், அந்தச் செல் ஒவ்வொன்றிலும் இரண்டு மின்தடைதான் இருக்கிறது, சுமார் ஆயிரம் ஓம் வீதம். எடை ஏறும்போது ஒன்று இழுபடும், மற்றது அமுங்கும். சிவப்பு அவை இரண்டும் சேரும் நடுமுனை. 4 செல்லையும் வளையமாகக் கோத்தால் பிளஸ் டூவில் படித்த வீட்ஸ்டோன் சமனச்சுற்று கிடைக்கிறது. எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சிவப்பு மின்சாரத்துக்கு, மீதி இரண்டு சிவப்பு சிக்னலுக்கு. ஒரு செல்லில் வெள்ளையும் கறுப்பும் இடம் மாறினால் இழுபட வேண்டிய கரத்தில் அமுங்குவது போய் உட்காரும், அந்த மூலைக்கு மட்டும் கழித்தல் குறி வந்துவிடும்.

பழைய_பிட்டர் | மதியம் 2.20
கணக்கு சரி. ஆனால் வயர்தான் மாறியிருக்கும் என்று முடிவு கட்டிவிடாதே. செல்லைக் கவிழ்த்துப் பொருத்தினாலும் இதே கழித்தல் வரும். அந்த 50 கிலோ செல்லில் நடு நாக்கு ஒன்று இருக்கும். நாக்கு ஒரு பக்கம் தாங்க வேண்டும், சுற்றுச் சட்டம் எதிர்ப் பக்கம் தாங்க வேண்டும், இடையில் வளைய இடம் விட வேண்டும். பலகையில் தட்டையாகப் படுக்க வைத்து ஸ்குரூ போட்டால் அது வளையவே வளையாது. முதலில் அதைப் பார், பிறகு வயரைத் தொடு.

காவேரிப்பிள்ளை | மதியம் 2.31
ஐயா சொல்வது உண்மை, அதையும் பாருங்கள். மீட்டரில் இது பிடிபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிவப்பு–வெள்ளை ஆயிரம் ஓம், சிவப்பு–கறுப்பும் ஆயிரம், வெள்ளை–கறுப்பு இரண்டாயிரம். இடம் மாறினாலும் அதே எண்கள்தான். அதனால் மேடையைக் காலியாக வைத்துச் சுழியாக்கிவிட்டு, ஒவ்வொரு மூலையையும் கையால் அழுத்துங்கள். நாலும் ஏறுமுகமாக வர வேண்டும். இறங்குகிற மூலையில் செல் மற்றவை போலவே பொருந்தியிருந்தால், அதன் வெள்ளையையும் கறுப்பையும் இடம் மாற்றுங்கள்.

மாற்றியதும் மூட்டை 80 காட்டும், பதற வேண்டாம். பழைய இரட்டிப்பு நிரலில் அப்படியே இருக்கிறது. திரும்பச் சரிப்படுத்துங்கள். இந்தத் தடவை 5 கிலோ வேண்டாம், முத்திரை போட்ட 20 கிலோ கல் யாரிடமாவது வாங்கி, நடுவில் ஒரு தடவை, மூலைக்கு ஒரு தடவை வையுங்கள். மூலையில் வைத்துப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

மென்பொருள்_மணி | மதியம் 2.50
சரி, நான் சொன்னது பொருந்தவில்லை. ஆனால் சரிப்படுத்தும் எண்ணை இணையத்திலிருந்து எடுத்தாலே போதுமே, எதற்குக் கல் தேடி அலைய வேண்டும்?

காவேரிப்பிள்ளை | மதியம் 3.04
கூடாது மணி. ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு மாதிரி. அதோடு இது அளப்பது விசை. டெல்லியில் சரிப்படுத்திய தராசை அப்படியே தஞ்சாவூருக்குக் கொண்டுவந்தால், புவியீர்ப்பு இங்கே கொஞ்சம் குறைவு என்பதால் 40 கிலோவுக்குக் கிட்டத்தட்ட 40 கிராம் குறைத்துக் காட்டும். எங்கே எடை போடுகிறோமோ அங்கேயே கல் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

பழைய_பிட்டர் | மாலை 4.15
இணைப்பை முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தால் பிரித்துவிட்டு ஈயம் வைத்துப் பற்றவை. 4 வயர் செல் ஒன்றை எடுத்துக்கொள்: 200 கிலோ தாங்குவது, வோல்ட்டுக்கு 2 மில்லிவோல்ட். 5 வோல்ட் கொடுத்தால் 40 கிலோவுக்கு வருவது மொத்தம் 2 மில்லிவோல்ட். 10 கிராம் என்பது அரை மைக்ரோவோல்ட். உன்னுடையதும் ஏறக்குறைய அதே அளவுதான். அவ்வளவு சின்ன சிக்னலில் தளர்ந்த முறுக்கு எந்த எண்ணையும் காட்டவைக்கும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறினால் சொல்லவே வேண்டாம். பற்றவைத்த இடத்தில் சுருங்கும் குழாய் மாட்டி, மேலே சிலிகான் பூசு. நெல் இருக்கும் இடத்தில் எலி வரும், வயரை இரும்புக் குழாய்க்குள் விடு.

ராஜமன்னை72 | இரவு 9.40
அந்த ஒரு செல்லில் வெள்ளை, கறுப்பு மாற்றினேன். 80 காட்டியது, நீங்கள் சொன்னபடியே. 20 கிலோ கல் வைத்துச் சரிப்படுத்தினேன். மூட்டை இப்போது நடுவில் 40.0, மூலைப் பக்கங்களில் 39.8, 40.1, 39.7, 40.2. சாக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், அதைத் தனியாகக் கழித்துக்கொள்கிறேன். மூன்று செல்தான் ஒரே கடை. நாலாவது உடைந்துபோய் வேறு கடையில் தனியாக வாங்கியது, சொல்ல விட்டுப்போனது. எல்லோருக்கும் நன்றி. அறுப்பு மிஷின் ஒரு நாள் முன்னாலேயே வருகிறதாம், காலை 5 மணிக்குக் களத்தில் நிற்க வேண்டும்.

வெட்டாறு_வாசு | இரவு 9.52
நல்லது அண்ணே. அந்த நாலாவது செல்லின் வயர் நிறத்தோடு ஒரு போட்டோ மட்டும் போட்டுவிடுங்கள், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

கூத்தாநல்லூர்_சலீம் | 3 நாள் கழித்து, காலை 8.17
எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் இரண்டு மூலை மைனஸ் காட்டுகிறது. ராஜமன்னை அண்ணே, போட்டோ இருக்கிறதா?