சந்தேகம்: டோக்கியோவில் பட்டியலில் வராத இடங்களை எப்படிக் கண்டுபிடிப்பது? (நாலு மணி நேரம், 1000 யென், சைவம்)

கசாய்க்காரி:

வணக்கம். டோக்கியோ வந்து ஐந்து மாதம் ஆகிறது. வீடு நிஷி கசாயில், கணவருக்கு அலுவலகம் ஓதெமாச்சியில். நாலரை வயதுப் பையன் யோச்சியென் (மழலையர் பள்ளி) போகிறான். காலை 9 மணிக்கு விட்டால் 2 மணிக்குக் கூட்டி வர வேண்டும், புதன்கிழமை மட்டும் 11:30. போக வர நேரம் கழித்தால் எனக்குக் கையில் நிற்பது நாலு மணி நேரம்.

அசகுசா, ஷிபுயா, ஹராஜுகு, ஸ்கைட்ரீ எல்லாம் முதல் இரண்டு மாதத்திலேயே முடிந்துவிட்டன. எங்கே போனாலும் ஒரே வரிசை. "யாருக்கும் தெரியாத டோக்கியோ" என்று தேடினால் எல்லாருக்கும் தெரிந்த பத்து இடங்கள்தான் வருகின்றன. அதை நம்பி கோதொகுஜி பூனைக் கோயிலுக்கும் போனேன். அங்கே பூனைப் பொம்மைகளோடு போட்டி போட்டுக்கொண்டு செல்போன்கள்.

இதுவரை செய்து பார்த்தது: வரைபடத்தில் 'அருகில்' என்று தட்டினால் உணவகமும் மருந்துக் கடையும் மட்டும் காட்டுகிறது. சும்மா நடந்து பார்த்தேன், அடுக்குமாடிக்குப் பின்னால் அடுக்குமாடி. இரண்டு தடவை அருங்காட்சியகம் தேடிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன். ஒன்று திங்கள், இன்னொன்று செவ்வாய்.

ஜப்பானிய எழுத்தில் ஹிரகானா, கதகானா படிப்பேன். சீனாவிலிருந்து வந்த கான்ஜி எழுத்து சுத்தமாகத் தெரியாது. சைவம், முட்டையும் கிடையாது. ரயிலோடு சேர்த்து நாளுக்கு 1000 யென்.

கூடவே ஒரு சின்ன சந்தேகம். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருக் கம்பத்து ஒலிபெருக்கியில் ஒரு மெட்டு வருகிறதே, அது எதற்கு?

அவசர ஆறுமுகம்:

பக்கத்திலேயே டிஸ்னிலேண்ட் இருக்கிறதே, போய் வாருங்களேன்.

கசாய்க்காரி:

1000 யென்னுக்கா சார்? வெளியே நின்று கோபுரத்தைப் பார்க்கலாம்.

பன்னிரண்டு வருட டோக்கியோ:

தங்கச்சி, முதலில் பூட்டிய கதவு விஷயம். இங்கே அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கள் விடுமுறை. அந்தத் திங்கள் அரசு விடுமுறையாக இருந்தால் அன்று திறந்து வைத்துவிட்டு மறுநாள் செவ்வாய் மூடுவார்கள். நீங்கள் போன செவ்வாய் அப்படிப்பட்டதாக இருக்கும். புதனிலிருந்து வெள்ளி வரை போனால் அநேகமாகப் பிரச்சினை இல்லை.

அடுத்தது தேடும் முறை. நீங்கள் ஆங்கிலத்தில் தேடுகிறீர்கள், அதனால் வெளிநாட்டுக்காரர்களுக்காக எழுதியதுதான் வரும். ஹிரகானா தெரியும் என்கிறீர்களே, அது போதும். 'க்யோதோ ஷிர்யோகன்' என்று ஹிரகானாவில் அடியுங்கள், போனே கான்ஜியாக மாற்றித் தரும். அந்த வட்டாரத்து வரலாற்றுக்கான சின்ன அருங்காட்சியகம் என்று பொருள், ஏறக்குறைய எல்லா வார்டிலும் உண்டு. 'முர்யோ' என்றால் இலவசம். 'ஷின்சுய் கோயென்' என்று அடித்தால் ஓடைப் பூங்காக்கள் வரும். இதற்கு உங்கள் எதொகாவா வார்டுதான் தாய்வீடு. வீட்டுக் கழிவு ஓடி நாறிக் கிடந்த ஃபுருகாவா என்ற வாய்க்காலைச் சுத்தம் செய்து, கல் பாவி, பிள்ளைகள் காலை நனைத்து விளையாடும் ஓடையாக 1973-இல் மாற்றினார்கள். ஜப்பானில் முதல் ஷின்சுய் கோயென் அதுதான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஷிபுயாவுக்கு ஓடியிருக்கிறீர்கள்!

உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் க்யோசென் பூங்கா இருக்கிறது. உள்ளே இலவச விலங்குப் பூங்கா, சிவப்புப் பாண்டாவும் பென்குயினும் உண்டு. திங்கள் விடுமுறை. புதன்கிழமை பையனைக் கூட்டி வரும்போது அப்படியே போகலாம்.

ஐந்து மணி மெட்டு வார்டு அலுவலகம் போடுவது. நிலநடுக்கம், வெள்ளம் வந்தால் அறிவிக்க வைத்திருக்கும் ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்று தினமும் சோதிக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதுதான் வீட்டுக்குக் கிளம்பும் மணி. குளிர்காலத்தில் பல வார்டுகளில் நாலரைக்கே வந்துவிடும். என் மகள் சின்ன வயதில் அந்த மெட்டைக் கேட்டாலே அழுவாள், விளையாட்டு முடிந்துவிட்டதே என்று.

ரயில் பித்தன்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அடுத்த நிலையமான கசாயில், மேம்பால ரயில் பாதைக்கு அடியில் சுரங்க ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பெரியவர்களுக்கு 220 யென். 1927-இல் உவேனோவுக்கும் அசகுசாவுக்கும் நடுவே ஓடிய முதல் வண்டியே அங்கே நிற்கிறது, மஞ்சள் நிறம், 1001 எண். ரயில் ஓட்டிப் பழகும் கருவியும் உண்டு, பையன் அதை விட்டு நகர மாட்டான். இதற்கும் திங்கள் விடுமுறை.

வெளியே வந்து நடைமேடையில் கொஞ்சம் நில்லுங்கள். சாதா வண்டியை ஓரமாக நிறுத்தி வைத்துவிட்டு, விரைவு வண்டி நடுத் தண்டவாளத்தில் பாய்ந்து போகும். அதைப் பார்க்கத் தனியாகக் காசு இல்லை.

அப்புறம் 'ஓமவாரி'. டோக்கியோ சுற்றுவட்டாரத்துக்குள் ஜேஆர் நிறுவனத்து ரயிலில் எந்த வழியாகச் சுற்றிப் போனாலும் மிகக் குறைந்த தூரத்துக்கான கட்டணம்தான். அதாவது அடுத்த நிலையத்துக்குச் சீட்டு எடுத்து, ஹாச்சிகோ பாதையில் தகாசாகி வரை ஏறி, ர்யோமோ பாதையில் ஒயாமாவுக்கு இறங்கி, நாள் முழுக்க மலையும் வயலும் பார்த்துவிட்டு அடுத்த நிலையத்தில் இறங்கலாம். சட்டப்படி சரிதான். ஒரு நிலையத்தை இரண்டு தடவை தொடக்கூடாது, வெளியே வரக்கூடாது, அன்றைக்குள் முடிக்க வேண்டும். காசு ஏற்றிய ரயில் அட்டையில் போகாமல் காகிதச் சீட்டாக எடுங்கள். நான் அட்டையில் போய், எட்டு மணி நேரம் கழித்து இறங்கும்போது கதவு திறக்கவில்லை. ஊழியரிடம் வந்த பாதையைப் பேப்பரில் வரைந்து காட்டினேன். அவர் பாதியிலேயே சிரித்துவிட்டு, விட்டுவிட்டார்.

தயிர்சாதம்:

பித்தன் சார், அந்த அம்மாவுக்கு இருப்பது நாலு மணி நேரம். நாலரை வயதுப் பையனை எட்டு மணி நேரம் ரயிலில் உட்கார வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், இது என் துறை. 'நிகு நாஷி' (கறி இல்லாமல்) என்று கேட்டால் கறியைத்தான் எடுப்பார்கள். ஊதோன், சோபா நூடுல்ஸ் குழம்பு, காய்கறி வேக வைத்த நீர், சில இடங்களில் இனாரி என்ற சோற்றுப் பொதியின் பொரித்த தோஃபு வரை எல்லாவற்றிலும் 'தாஷி' இருக்கும், அது பெரும்பாலும் கருவாட்டுச் சாறு. உப்பில் ஊறிய உமே (புளிப்பான ஜப்பானியக் காய்) வைத்த ஓனிகிரி என்ற சோற்று உருண்டையிலும் மீன் சத்து கலந்தது உண்டு, பொட்டலத்தின் பின்பக்கத்தை போனில் படமெடுத்து மொழிபெயர்த்துப் பாருங்கள். வெறும் உப்பு போட்ட 'ஷியோ முசுபி' தேவலாம்.

கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடியது குளிர்காலத்துச் சுட்ட சர்க்கரைவள்ளி, 'யாகி இமோ'. பல சூப்பர் மார்க்கெட் வாசலிலேயே சூடாக வைத்திருப்பார்கள். வாசனையே கூப்பிடும். இன்னொன்று தைஃபுகு. உள்ளே இருக்கும் சிவப்புப் பயறு இனிப்பு நம் பூரணத்துக்கு ஒன்றுவிட்ட தங்கை. கொழுக்கட்டையை ஆவியில் வைத்து, ஆறவிட்டு, கொஞ்சம் இழுவையாகச் செய்தால் எப்படி இருக்கும், அதுதான். டோக்கியோ நிலையத்துக்குள்ளே டீஸ் தாந்தான் என்ற கடையில் முழுச் சைவ ராமென் கிடைக்கும். ஆனால் ராமெனுக்கே உங்கள் 1000 யென் காலி.

நான் செய்வது வேறு. கையில் தயிர்சாதம், மாவடு. இங்கே பூங்கா பெஞ்சில் கட்டுச்சோறு பிரித்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குப்பைத் தொட்டி மட்டும் தேடாதீர்கள், கிடைக்காது. பையில் ஒரு கவர் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய புத்தகப் பைத்தியம்:

நிஷி கசாயிலிருந்து வண்டி மாறாமல் குதான்ஷிதா போய், பத்து நிமிடம் நடந்தால் ஜிம்போச்சோ. பழைய புத்தகக் கடைகள் மட்டும் நூற்றுக்கும் மேல். ஜப்பானிய மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். நானும் அங்கே படிக்கப் போவதில்லை. வாசலில் வைத்திருக்கும் பெட்டிகளில் பழைய தபால் அட்டை, பூப்படம், ரயில் வரைபடம் என்று 100, 200 யென்னுக்கு அள்ளலாம். ஒன்றைக் கவனியுங்கள்: பெரிய சாலையில் கடைகள் தெற்கு ஓரத்தில் வடக்குப் பார்த்து வரிசை கட்டியிருக்கும். வெயில் பட்டால் புத்தகம் வெளுத்துவிடும் என்பதால்.

வேறு மாதிரி வேண்டுமென்றால் மெகுரோவில் ஒட்டுண்ணி அருங்காட்சியகம். 1953-இல் ஒரு மருத்துவர் தொடங்கியது, அனுமதி இலவசம், உண்டியலில் விருப்பப்பட்டதைப் போடலாம். மனித வயிற்றிலிருந்து எடுத்த 8.8 மீட்டர் நாடாப்புழு கண்ணாடிக்குள் இருக்கிறது, பக்கத்தில் அதே நீளத்துக்கு ஒரு நாடா, இழுத்துப் பார்க்க. திங்களும் செவ்வாயும் மூடியிருக்கும். தயிர்சாதம் சாப்பிடுவதற்கு முன்னால் போவது நல்லது.

சனிக்கிழமை கணவரோடு போகக் கொஞ்சம் தூரமான ஒன்று: கொதைராவில் ஃபுரேயாய் கெசுயிதோகன். சாக்கடைக்கு ஒரு அருங்காட்சியகம்! 25 மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கும் சாக்கடைக் குழாய்க்குள் நின்று பார்க்கலாம். இலவசம். வெளியே வந்தால் 1653-இல் வெட்டிய தாமகாவா கால்வாய், இரு கரையும் மரம். மூக்கைச் சரிசெய்துகொள்ள அந்த நடை வசதி.

சுதந்திரப் போராட்ட வரலாற்றில் ஆர்வம் இருந்தால் ஹிகாஷி கோஎன்ஜி பக்கம் ரென்கோஜி. சுபாஷ் சந்திர போஸின் அஸ்தி என்று சொல்லப்படுவதை வைத்திருக்கும் சின்னக் கோயில், முற்றத்தில் அவருடைய மார்பளவுச் சிலை. நேரு 1957-இல் வந்தார், வாஜ்பாய் 2001-இல். மலேயாவில் ஐஎன்ஏவில் (போஸின் இந்திய தேசிய ராணுவம்) சேர்ந்தவர்களில் நம்மவர்கள் எத்தனை பேர்! என் தாத்தாவும் அதில் ஒருவர் என்பதால் வருடம் ஒரு தடவை போய் நின்றுவிட்டு வருவேன்.

கசாய்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து வந்து சொல்கிறேன், நடந்ததே வேறு.

கணவருக்குச் சாப்பாட்டு டப்பா கொடுத்துவிட்டு ஓதெமாச்சியில் வண்டி ஏறினேன். அது நிஷி கசாயில் நிற்கவில்லை, கசாயிலும் நிற்கவில்லை. ஒரு பெரிய ஆற்றைத் தாண்டி உராயாசு என்ற ஊரில் கொண்டுபோய் இறக்கிவிட்டது. மணி 10:40. முதலில் பயம், அப்புறம் சரி, வந்தது வந்தோம் என்று அக்கா சொன்ன மாதிரி ஹிரகானாவில் 'க்யோதோ', 'முர்யோ' என்று அடித்தேன். பத்து நிமிட நடையில் பழைய உதாகாவா வீடு என்று வந்தது.

1869-இல் கட்டிய கடைவீடு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் மரத் தரை சில்லென்று இருக்கிறது. அங்கே இருந்த தாத்தா எனக்கு ஒன்றும் புரியாது என்று தெரிந்தும் அரை மணி நேரம் கையால் பேசினார். வலை, படகு, கிளிஞ்சல். உராயாசு மீனவக் கிராமமாம். 1971-இல் மீன்பிடி உரிமையை முழுக்க விட்டுக்கொடுத்து, கடலைத் தூர்த்து நிலமாக்கியிருக்கிறார்கள். அந்தத் தூர்த்த நிலத்தில்தான் 1983-இல் டிஸ்னிலேண்ட் வந்தது. ஆறுமுகம் சார், நீங்கள் சொன்ன ஊருக்குத்தான் போயிருக்கிறேன், பின்வாசல் வழியாக. வீட்டுக்கும் அனுமதி இலவசம். கால்வாய் ஓரம் உட்கார்ந்து யாகி இமோ சாப்பிட்டுவிட்டு 1:40-க்கு நிஷி கசாய். நாகப்பட்டினத்தில் எங்கள் பெரியம்மா வீட்டுத் திண்ணையும் இதே உயரம்.

பித்தன் சார், அந்த வண்டி ஏன் நிற்கவில்லை?

ரயில் பித்தன்:

நீங்கள் ஏறியது 'கைசோகு', விரைவு வண்டி. தோயோச்சோவை விட்டால் அடுத்தது உராயாசுதான், நடுவில் மினாமி சுனாமாச்சி, நிஷி கசாய், கசாய் மூன்றும் போச்சு. கான்ஜி தெரியாவிட்டாலும் நடைமேடை அறிவிப்பில் 'கைசோகு' என்று கேட்டால் ஏறாதீர்கள், 'ககுஎகி' (எல்லா நிலையத்திலும் நிற்பது) என்றால் ஏறுங்கள்.

உராயாசுவில் க்யோதோ ஹகுபுத்சுகனும் (வட்டார அருங்காட்சியகம்) இருக்கிறது, நிலையத்திலிருந்து இருபது நிமிட நடை. 1952-இல் அந்தக் கிராமம் இருந்த மாதிரியே வீடு, கடை, படகு எல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள், வீடுகளுக்குள் ஏறலாம். அதுவும் இலவசம், திங்கள் விடுமுறை.

பன்னிரண்டு வருட டோக்கியோ:

பையனுக்கு விடுமுறை வரும்போது, அவனை அப்பாவிடம் விட்டுவிட்டு ஒரு நாள் சென்தோ போங்கள், பொதுக் குளியல் வீடு. பெரும்பாலும் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார்கள், அதனால்தான் இதுவரை சொல்லவில்லை. கடைசியாக நான் போனபோது 550 யென். பெண்களுக்குத் தனிப் பக்கம், ஆனால் துணியில்லாமல்தான் குளிக்க வேண்டும். முதல் தடவை நான் வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன், இரண்டாவது தடவையும்தான். மூன்றாவது தடவை உள்ளே ஒரு பாட்டி என்னை ஏறெடுத்துக்கூடப் பார்க்காமல் முதுகு தேய்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் என் கூச்சம். குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டுக் குளித்த பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். தலைமுடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், துண்டு தண்ணீரில் படக்கூடாது. தண்ணீர் 42 டிகிரிக்கு மேலேகூட இருக்கும், பைய இறங்குங்கள். சுவரில் பெரிதாக ஃபூஜி மலை வரைந்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

கசாய்க்காரி:

அக்கா, சென்தோவுக்கு இன்னும் ஆறு மாதம் தைரியம் சேர்க்க வேண்டும். வரும் புதன் பையனோடு க்யோசென் பூங்கா, வெள்ளிக்கிழமை நான் மட்டும் உராயாசு, அந்த 1952 கிராமத்துக்கு. இந்தத் தடவை தெரிந்தே போகிறேன். தயிர்சாதம் சார், மாவடு தீர்ந்துவிட்டது. நிஷி கசாய்க் கடைகளில் எங்கே கிடைக்கும்?

தயிர்சாதம்:

கடையில் வேண்டாம். ஜூன் மாதம் சூப்பர் மார்க்கெட்டில் பச்சை உமே வரும், கிலோ கணக்கில். மாவடு போடுகிற மாதிரியே உப்பு, மிளகாய், கடுகு, விளக்கெண்ணெய் போட்டு ஊற வையுங்கள். பச்சையாக மட்டும் கடிக்காதீர்கள், நஞ்சு. மூன்று மாதம் ஆகும் வரை நான் ஜாடியைத் திறப்பதில்லை. அதுவரை எலுமிச்சை ஊறுகாய்தான்.